கடைசியாக வருபவருக்கும் ஒரு கைதட்டல்!

ஓட்டப்பந்தயம் முடிந்ததும் எல்லோரும் என்ன கேட்கிறார்கள்?

"முதலில் வந்தது யார்?" என்று கேட்கிறார்கள். மாலை அவருக்கு. கோப்பை அவருக்கு. பத்திரிகையில் படமும் அவருக்கே.

கடைசியில் வந்தது யார் என்று எவராவது கேட்டதுண்டா?

கேட்க வேண்டும் என்கிறேன் நான். ஓர் ஊரில் நடக்கும் பந்தயம் நல்ல பந்தயமா என்று தெரிய வேண்டுமானால், கடைசியில் வந்தவரைப் பாருங்கள். அவருக்கு என்ன வயது? அவர் வரும்வரை வழியில் தண்ணீர் இருந்ததா? அவருக்காகக் கூட்டம் காத்திருந்ததா? அல்லது, அவர் வருவதற்குள் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால் அது நல்ல பந்தயம்.

மெக்சிகோவில் ஒரு மாலை

1968-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி. மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்தது. அன்று மாரத்தான் பந்தயம். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நெடுந்தூர ஓட்டம்.

எத்தியோப்பியா நாட்டைச் சேர்ந்த மாமோ வோல்டே முதலில் வந்தார். 2 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். தங்கப் பதக்கம் வாங்கினார். கூட்டம் கலையத் தொடங்கியது. பொழுதும் சாய்ந்துவிட்டது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அப்போது மைதானத்துக்குள் ஒரு மனிதர் நுழைந்தார். காலில் கட்டு. நொண்டி நொண்டி ஓடி வந்தார்.

அவர் பெயர் ஜான் ஸ்டீபன் அக்வாரி. தான்சானியா நாட்டுக்காரர். பாதி வழியில் கீழே விழுந்து முழங்காலில் பலத்த அடி. வேறொருவராக இருந்தால் வண்டியில் ஏறிப் போயிருப்பார். அன்று புறப்பட்டவர்களில் 18 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவரோ நிற்கவில்லை. கடைசி ஆளாக வந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார். மைதானத்தில் மிச்சம் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

இன்று மாமோ வோல்டே பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. அக்வாரியைப் பற்றி உலகம் முழுவதும் பேசுகிறார்கள். கடைசியில் வந்தவருக்குக் கிடைத்த புகழ் அது!

போலகத்தில் ஓடினால் என்ன?

மெக்சிகோவை விட்டு நம் காரைக்கால் பக்கம் வருவோம்.

காரைக்காலிலிருந்து தெற்கே, நாகூருக்குப் போகும் வழியில் திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. அந்தக் கொம்யூனைச் சேர்ந்த ஊர் போலகம். ஒரு பக்கம் வயல். சற்றுத் தள்ளிக் கடல். தொழிற்பேட்டையும் உண்டு. மேடு பள்ளம் இல்லாத தரை. ஓடுவதற்கென்றே ஆண்டவன் பரப்பி வைத்தது போன்ற பூமி!

இப்படிப்பட்ட ஊரில் ஆண்டுக்கு ஒரு நாள் ஊரே சேர்ந்து ஓட வேண்டும். அதற்கு ஓர் ஓட்டக் கழகம் வேண்டும். அந்தக் கழகம் மூன்று மாதம் முன்பே தொடங்கி ஊரைத் தயார் செய்ய வேண்டும். இதுதான் என் கருத்து.

"எங்களுக்கு எதற்கு ஐயா இந்தப் பட்டணத்து வேலை?" என்று கேட்பீர்கள்.

போட்டி என்பது திருமலைராயன்பட்டினத்துக்குப் புதிதா? கவி காளமேகம் கதை உங்களுக்குத் தெரியும். அதிமதுரகவியோடு அவர் மோதியது திருமலைராயன் சபையில்தான் என்பார்கள். எமகண்டம் பாடினாராம். கீழே கொதிக்கும் எண்ணெய்; மேலே உறியில் புலவர். பாட்டில் தவறினால் உயிர் போய்விடும். ஜெயித்தும் மரியாதை கிடைக்காமல், ஊரையே மண்மாரி பெய்து அழியும்படி காளமேகம் பாடிவிட்டுப் போனதாகக் கதை.

ஒருவன் ஜெயிக்க, மற்றவன் ஒழிய வேண்டும் என்ற போட்டி எப்படி முடியும் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. நான் சொல்கிற போட்டியில் தோற்றவர் என்று ஒருவரும் கிடையாது. வந்தவர் எல்லோரும் ஜெயித்தவர்களே!

நூற்றில் 26 பேர்

ஏன் ஓட வேண்டும்? காரணத்தைக் கேளுங்கள்.

2023-ம் ஆண்டு ஒரு பெரிய கணக்கு வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு, சென்னை டாக்டர்கள் முன்நின்று நாடு முழுவதும் ரத்தத்தைச் சோதித்து எடுத்த கணக்கு அது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது என்று அதில் கண்டார்கள்.

எந்தப் பிரதேசத்தில் அதிகம்? முதல் இடம் கோவா. இரண்டாம் இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரி! வயது வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. அதாவது, நான்கு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு இருக்கிறது. காரைக்கால் அந்தப் பிரதேசத்தின் ஒரு பகுதி. நம் தலைக்கு மேலும் அந்தக் கத்தி தொங்குகிறது.

சர்க்கரை வியாதி சத்தம் போடாமல் வரும். கண்ணைத் தொடும். சிறுநீரகத்தைத் தொடும். காலில் புண் ஆறாது. வீட்டில் சம்பாதிக்கிற ஒருவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடும்.

நம் பாட்டனார் காலத்தில் ஏர் பிடித்தார்கள், இறைப்பு இறைத்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள். அவர்களுக்குத் தனியாக ஓடத் தேவை இருக்கவில்லை. இன்று உழவுக்கு டிராக்டர். தண்ணீருக்கு மோட்டார். கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள். சோறு மட்டும் அதே சோறு! உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை. மிச்சம் எங்கே போகும்? இடுப்பைச் சுற்றித்தான் போகும்.

ஒருவர் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை வருத்தி நடக்கவோ வேலை செய்யவோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள். அவ்வளவுதான். ஓடினால் வியாதி அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வராமல் தடுக்க உதவும். வந்தவருக்குக் கட்டுக்குள் வைக்க உதவும். மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் பாடு.

மா. சுப்பிரமணியனைப் பலருக்குத் தெரியும். சென்னை மேயராக இருந்தவர். 2021-ல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சர் ஆனவர். அவருக்கும் சர்க்கரை வியாதி உண்டு. விபத்தில் காலில் அடிபட்டவர். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் ஓட்டத்தை 100 தடவைக்கு மேல் ஓடி முடித்திருக்கிறார். கட்சி எதுவானால் என்ன? கால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பரிசு இல்லாத பந்தயம்

"பரிசு இல்லை என்றால் யார் ஓடுவார்கள்?" என்று ஒரு சந்தேகம் வரும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரோவில்லைப் பாருங்கள். அங்கே 2008-ம் ஆண்டு முதல் மாரத்தான் ஓட்டம் தொடங்கினார்கள். பிப்ரவரி மாதத்தில் நடக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கிடையாது. ஒரு காலத்தில் கட்டாந்தரையாகக் கிடந்த இடம் அது. மரம் வைத்துக் காடாக்கினார்கள். அந்தக் காட்டுச் செம்மண் பாதையில் இருட்டிலேயே புறப்பட்டு ஓடுகிறார்கள். ஓடுகிற ஆனந்தத்துக்காக ஓடுகிறார்கள். பரிசு இல்லை என்று தெரிந்தும் வெளியூர்களில் இருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2004-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, லண்டன் அருகே புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் ஒன்றுகூடி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பணம் வாங்கவில்லை. பரிசு கொடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடினார்கள். ஓடியது 13 பேர்தான்! அதுவே பெருகி, பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்கள் ஓடும் பழக்கமாக வளர்ந்தது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். ஆகையால் வந்தவர்களில் எவரும் "நான்தான் கடைசி" என்று வெட்கப்பட வேண்டியதில்லை!

சென்னையிலும் 'சென்னை ரன்னர்ஸ்' என்ற கழகம் இருக்கிறது. அதில் பேட்டைக்கு ஒரு குழு. விடியற்காலையில் எழுந்து, தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து பழகுகிறார்கள். பெரிய பந்தயம் ஆண்டுக்கு ஒரு நாள்தான். பழக்கமோ ஆண்டு முழுவதும். உடம்புக்கு நன்மை செய்வது அந்த ஒரு நாள் இல்லை, மற்ற நாட்கள்தான்.

கிராமத்துக் கால்கள்

வெற்றி பெறுகிறவர்களை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். ஊரெல்லாம் ஓடினால்தான் அதிலிருந்து ஒரு வீரன் கிளம்புவான்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணனைப் பாருங்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 2017-ம் ஆண்டு புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் அவருக்குத் தங்கம்! அதே புதுக்கோட்டைப் பெண் சூர்யா. 2016-ல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியில் அவருக்கும் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம்! இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள். பெரிய நகரம் கிடையாது. ஒரு நல்ல ஆசிரியர், ஒன்றாக ஓடும் பிள்ளைகள். அது போதுமானதாக இருந்தது.

காரைக்கால் பிள்ளைகளுக்கு மட்டும் கால் இல்லையா?

பெண்களும் ஓட வேண்டும்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஊர் ஓட்டம் என்றால் ஆண்கள் மட்டும் ஓடுவது என்று பொருள் இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1897-ம் ஆண்டிலிருந்து மாரத்தான் நடக்கிறது. நெடுங்காலம் பெண்களைச் சேர்க்கவில்லை. "பெண்ணுடம்பு தாங்காது" என்றார்கள். 1967-ம் ஆண்டு கேத்ரின் சுவிட்சர் என்ற கல்லூரிப் பெண், பெயரை முழுதாக எழுதாமல், முதல் எழுத்துக்களை மட்டும் போட்டு மனு செய்தார். எண் கிடைத்தது. ஓடினார். வழியில் பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவரைப் பிடித்து இழுத்தார்! கூட வந்தவர்கள் அதிகாரியை விலக்கினார்கள். சுவிட்சர் ஓடி முடித்தார்.

1972-ல் பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. 1984-ல் ஒலிம்பிக்கிலேயே பெண்கள் மாரத்தான் வந்துவிட்டது. தாங்காது என்று சொன்ன உடம்பு தாங்கியது. சொன்னவர்கள்தான் வாயை மூடிக்கொண்டார்கள்.

நம் ஊரில் பெண்களை யாரும் பிடித்து இழுப்பதில்லை. ஆனால், வேறு கயிறுகள் இழுக்கின்றன. விடியற்காலையில் வாசல் தெளிக்க வேண்டும். உலை வைக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற பயம் வேறு.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், அடுப்பை நீங்கள் பாருங்கள். மனைவியும் மகளும் நடந்துவிட்டு வரட்டும். சர்க்கரை வியாதி ஆண், பெண் பார்த்து வருவதில்லை. சேலையோடு ஓட முடியாது என்றால் சுடிதார் இருக்கிறது. ஓட வெட்கமாக இருந்தால் வேகமாக நடக்கலாம். நாலு பெண்கள் சேர்ந்து போனால் நாலு பேர் சொல்வது காதில் விழாது!

மூன்று மாதத் தயாரிப்பு

எப்போது பந்தயம் வைப்பது? ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். தையில் அறுவடை, ரோட்டில் நெல் காயும். ஆகவே மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருத்தம். அறுவடைக் களைப்பு தீர்ந்திருக்கும். காலைப்பனியும் முழுதாகப் போயிருக்காது.

தூரம்? புதிதாக ஓடுகிறவர்களுக்கு 5 கிலோமீட்டர். பழகியவர்களுக்கு 10 கிலோமீட்டர். இவ்வளவு போதும். முதல் ஆண்டிலேயே 42 கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று புறப்படுவது, நீந்தத் தெரியாதவன் அரசலாற்று வெள்ளத்தில் குதிப்பது போல.

மூன்று மாதம் முன்பு, கார்த்திகைக் கடைசியில் தொடங்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது ஓடுவது அல்ல. டாக்டரைப் பார்ப்பது. நாற்பது வயது தாண்டியவர்கள், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, நெஞ்சு நோய் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துப் பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பது பலருக்கு அங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும். ஓட்டக் கழகம் வேறொன்றும் செய்யாமல் இது ஒன்றைச் செய்தாலே புண்ணியம்.

பிறகு இப்படிப் பழகலாம்:

முதல் இரண்டு வாரம் நடை மட்டும். ஒரு நாளைக்கு அரை மணி. வாரத்தில் நான்கு நாள்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள். இரண்டு நிமிடம் நடங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அதற்கடுத்த நான்கு வாரம் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை.

பிறகு மூன்று வாரம் ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். கடைசி வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு முதல் நாள் ஓய்வு.

எந்த வேகத்தில் ஓடுவது? இதற்குக் கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச மூச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம். குறையுங்கள். ஓட்டத்தில் அவசரக்காரனுக்குத்தான் புத்தி மட்டு.

செருப்பா, வெறுங்காலா?

1960-ம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. எத்தியோப்பிய மன்னரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபெபே பிக்கிலா மாரத்தானுக்கு வந்தார். காலில் செருப்பு இல்லை. வெறுங்காலோடு 42 கிலோமீட்டரும் ஓடி முதலில் வந்தார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி! அதுவரை உலகத்தில் எவரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

ஆகவே விலை உயர்ந்த பூட்ஸ் வாங்க முடியவில்லையே என்று ஏழைப் பிள்ளைகள் ஏங்க வேண்டாம். அதே சமயம் ஓர் எச்சரிக்கை. பிக்கிலா சிறுவயது முதல் வெறுங்காலில் பழகியவர். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிய பிறகுதான் தெரியும். அவர்கள் கடினமில்லாத, காலைக் கடிக்காத பூட்சும் காலுறையும் போட்டுத்தான் ஓட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். உடம்பு நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ கற்கண்டோ இருக்கட்டும். அறிகுறி தெரிந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

கடற்கரை ஊரில் காற்று ஈரமாக இருக்கும். வேர்வை எளிதில் காயாது. உடம்புச் சூடு தணியாது. ஆகையால் சூரியன் மேலே வருமுன் ஓடி முடிப்பது நல்லது. தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள். குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். நிற்பது கேவலம் இல்லை.

தண்ணீர்ப் பந்தல்

"இதையெல்லாம் நடத்த எங்களுக்குத் தெரியாதே!" என்பீர்கள்.

தெரியும். நன்றாகவே தெரியும்!

காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். நாகூர் கந்தூரிக்குக் கூட்டம் திரண்டு வருகிறது. ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திய பக்தர்கள் வெகுதூரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே நடந்தே போகிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் நடைப்பயணம் பழக்கமான மண் இது. தண்ணீர்ப் பந்தல் வைக்கத் தெரிந்த ஊருக்குப் பந்தயம் நடத்தத் தெரியாதா?

இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் கப் வேண்டாம். அது வாய்க்காலில் விழும். வழியில் டாக்டரும் நர்சும். தயாராக 108 ஆம்புலன்ஸ். திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கடைசி ஆளோடு கூடவே வர ஒரு தொண்டர். வேறு என்ன வேண்டும்?

எது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரமுகர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைப்பது வேண்டாம். பந்தயத்துக்கு முன்னால் பிரசங்கம் வேண்டாம். பிரமுகர் பேச விரும்பினால் ஓடி முடித்துவிட்டுப் பேசட்டும். கேட்க எல்லோரும் காத்திருப்பார்கள்! ஏழைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கவும் வேண்டாம். பனியன் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் பனியன் வேண்டாம். ஓடுவது கால்தானே, பனியன் அல்லவே!

ரோடு யாருடையது?

இனித்தான் பெரிய கேள்வி. ஓடுவதற்கு ரோடு எங்கே?

காரைக்கால்–நாகப்பட்டினம் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓடுகின்றன. பஸ்கள் பறக்கின்றன. அதன் ஓரத்தில் நடப்பதே பயம். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1 லட்சத்து 68 ஆயிரம் பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர் நடந்து போனவர்கள். வண்டி வைத்திருந்தவர்கள் அல்ல. நடந்து போன பாவத்துக்காக உயிரை விட்டவர்கள்.

பஞ்சாபைச் சேர்ந்த பௌஜா சிங் என்ற பெரியவரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 89-வது வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடினார். 2011-ல் கனடாவின் டொராண்டோ நகரில் ஓடியபோது அவருக்கு வயது 100 என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகத்தில் அவர் சாதனையைச் சேர்க்கவில்லை. ஓட்டம் அவரைக் கொல்லவில்லை. முதுமையும் அவரைக் கொல்லவில்லை. 2025-ம் ஆண்டு ஜூலையில், சொந்தக் கிராமத்து ரோட்டில், வண்டி ஒன்று மோதிக் கொன்றுவிட்டது!

இதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது அல்லவா? ஆகவே பெரிய ரோட்டை விட்டுவிட்டு, வயல் ஓரத்து உட்புற ரோடுகளில் பாதை வகுக்க வேண்டும். தாண்ட வேண்டிய இடங்களில் மட்டும் போலீசார் வண்டிகளை நிறுத்த வேண்டும். பந்தயத்தன்று இரண்டு மணி நேரம் ரோடு மனிதர்களுக்கு. மீதி நாளெல்லாம் வண்டிகளுக்கு.

"வண்டியை நிறுத்தினால் ஜனங்களுக்குத் தொந்தரவு இல்லையா?" என்பார்கள் சிலர். நியாயமான கேள்விதான். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எந்த நேரமும் வழி விட வேண்டும். முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு மணி நேரம் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடாது. அரசியல் ஊர்வலத்துக்கு ரோட்டை விடுகிறோம். சாமி ஊர்வலத்துக்கு விடுகிறோம். மணமகன் ஊர்வலத்துக்கும் விடுகிறோம். ஊரின் ஆரோக்கியத்துக்காக ஒரு காலை விடக்கூடாதா?

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு நாள் அந்த ரோட்டில் ஓடிய ஊர், மறுநாள் அதன் குழியைப் பார்க்கும். எரியாத விளக்கைப் பார்க்கும். நடைபாதை இல்லாததைப் பார்க்கும். "இதைச் சரி செய்து கொடுங்கள்" என்று கொம்யூன் அலுவலகத்தில் போய்க் கேட்கும். வண்டியில் போகிறவனுக்குத் தெரியாத ரோடு, ஓடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இன்றே தொடங்குங்கள்

ஓட்டக் கழகம் தொடங்கப் பெரிய கட்டடம் வேண்டாம். பெயர்ப்பலகையும் வேண்டாம். ஐந்து பேர் போதும். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். நர்சம்மா ஒருவர். மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு வாலிபர். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர். வீட்டைக் கவனிக்கும் தாய்மார் ஒருவர். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு இந்த ஐந்து பேரும் ஓர் இடத்தில் கூடட்டும். அரை மணி நேரம் நடக்கட்டும். லண்டனில் 13 பேர் தொடங்கியதைப் போலகத்தில் ஐந்து பேர் தொடங்கினால் என்ன குறை?

ஆறாவது ஆள் தானாக வருவார். சாதி, மதம், கட்சி பார்த்து அணி பிரிக்க வேண்டாம். ஒரே ரோட்டில் ஒன்றாக வேர்த்தவர்கள், பிறகு அற்பத்துக்காகச் சண்டை போடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மாசி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும். முன்னால் ஓடுகிற பிள்ளைகள் காற்றாய்ப் பறந்து முடித்துவிடுவார்கள். அவர்களைப் பாராட்டுங்கள். ஆனால், வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்.

கடைசியில் ஓர் அம்மா வருவாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பிறந்தது முதல் தனக்காக ஓர் அடியும் ஓடாதவள். மூன்று மாதம் முன்பு டாக்டர் சொல்லித்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதே அவளுக்குத் தெரியும். பாதி நடை, பாதி ஓட்டமாக, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

அவளுக்குக் கைதட்டுங்கள். பலமாகத் தட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்டு, அடுத்த ஆண்டு பத்து அம்மாக்கள் ஓட வருவார்கள்!